குடம் பதினைந்து ரூபாய்

பாம்பனில் இறங்கி, ரோட்டை விட்டு
மணலில் நடந்தால் சின்னப்பாலம்.
என் பையில் டார்ச், ஒரு கண்ணாடி டம்ளர்,
வீட்டுக்கு ஒரு வரி எழுதும் படிவம்,
சுருட்டி வைத்த சார்ட்.
அதில் தலை சிறுத்த ஒரு குழந்தை.
அதை எந்த வாசலிலும் நான் விரித்ததில்லை.

தடைக்காலம். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன.
அவற்றின் விலாவில் கட்டிய டயர்களுக்குள்
முந்தாநாள் பெய்த கோடைமழை.
மழை என்றால் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்,
எனக்குக் கணக்கு.

தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்குத்தான்
எனக்குத் தினக்கூலி.
சொல்லிப் பாருங்கள் இந்த ஊரில்.
குடம் பதினைந்து ரூபாய்,
தள்ளுவண்டிக்கு எட்டுக் குடம்,
சக்கரம் புதையும் மணல்.
"கொட்டுறேன். நீ போய்த் தூக்கிட்டு வந்து தா"
என்றாள் ரெக்ஸலின். ஏழு மாதம்.
தடைக்கு முன்புவரை பாசி எடுக்க
மூச்சுப் பிடித்து உள்ளே போனவள்.
விரலெல்லாம் பாறை கிழித்த கோடு.
"கடலுக்குள்ள கொசு இல்லக்கா.
கரையிலதான் எல்லாப் பாடும்."

அவள் வீட்டில் மூன்று வலை இருந்தது.
மூன்றும் மீனுக்கு.

இது பகலில் கடிக்கிற கொசு என்றேன்.
மத்தியானம் நீ அசந்து படுக்கும்போது
காலில் வந்து உட்காரும் வரிக்கால் கொசு.
காய்ச்சல் என்றால் கடையில் வலி மாத்திரை கேட்காதே,
அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வா,
டெங்கு என்றால் பேறுகாலத்தில் ரத்தம் நிற்காது.
ஜிகா வேறு மாதிரி.
தாயை அலுங்காமல் கடந்து போகும்,
இரண்டு நாள் சூடு, கொஞ்சம் கண் சிவப்பு,
சில பேருக்கு அதுகூட இல்லை.
உள்ளே இருப்பதைத் தொட்டாலும் தொடும்.
எல்லோருக்கும் அல்ல.
யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல
என் படிவத்தில் இடமில்லை.

அடுத்ததற்குக் குரலைத் தாழ்த்தினேன்:
கொல்லத்தில் தங்கல் முடிந்து புருஷன் வருகிறான்,
அந்தப் பக்கம் அந்தக் காய்ச்சல் இருந்தால்
பிள்ளை பிறக்கும்வரை உறை போடச் சொல்.
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"இந்த மலையத் தாண்டி வந்தாருன்னா
போடச் சொல்றேன்."

பிறகு டிரம்மில் டம்ளரை முக்கி எடுத்து
டார்ச் அடித்தேன்.
வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து
அடியில் போய் ஒடுங்கின.
ரெக்ஸலின் சிரிப்பை நிறுத்தினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"ராமநாதபுரத்துல ஸ்கேன் எடுத்தப்ப
இப்படித்தான்க்கா துள்ளுச்சு,
கறுப்புக்குள்ள."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
டம்ளரை மணலில் கவிழ்த்தேன்.
மணல் குடித்தது.

பக்கத்து வீட்டு நம்புராணி வந்து எட்டிப் பார்த்தாள்.
டிரம்மின் உள்சுவரைக் காட்டினேன்:
தண்ணீர் இறங்கிய கோட்டில் ஒட்டியிருக்கும் முட்டை,
மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது,
ஒரு நனைப்புக்குக் காத்துக் கிடக்கும்.
"நம்ம ஊரு சனம் மாதிரி" என்றாள் அவள்,
சொல்லிவிட்டுத் தேங்காய்நார் தேடப் போனாள்.

புருஷனின் பழைய வேட்டியை நாலாய் மடித்து
குடத்து வாயில் கட்டினாள் ரெக்ஸலின்.
டிரம்மிலிருந்து நான் மொண்டு ஊற்ற ஊற்ற
புழு துணியில், தண்ணீர் குடத்தில்.
நம்புராணி தலைகீழாய் டிரம்முக்குள் புகுந்து
நாரால் தேய்த்தாள்.
ஏழு குடம். நூற்றைந்து ரூபாய்.
ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சொல்ல மாட்டேன்,
என் சேலை நனைந்தது.

வேட்டியை வெயிலில் விரித்துப் போட்டோம்,
காய்ந்ததும் டிரம்முக்கு அதுவே மூடி.

படிவத்தில் இரண்டே கட்டம்:
கொட்டியது, கொட்டாதது.
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன்:
வடிகட்டியது.
சூப்பர்வைசர் கேட்பார்.
கேட்கட்டும்.
டயர்கள் பதினொன்று இன்னும் பாக்கி.